கம்பத்தைப் பார், ஆளைப் பார்க்காதே

மைதானத்தின் நடுவே என் கணவர் வலது கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

அவரைச் சுற்றி ஒரே ஆரவாரம். எதிரணிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். அவர்களுடைய கோச்சின் தலையில் யாரோ ஒரு வாளி ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். எங்கள் அணிக்காரர்கள் புல்லில் அப்படி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில், இடது காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு, வலது கால் வெறுங்காலாக, இந்த மனிதர் மட்டும் பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்கு நிற்பவரைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மம்மி, வாட் இஸ் ஹி டூயிங்?" என்றாள் என் மகள் ஷெரின்.

எனக்குத் தெரியும். அந்த அரங்கில் இருந்த அத்தனை பேரிலும் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்ததாலேயே எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

குவைத்தில், ஃபர்வானியாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? அதில், 'ஒருநாள் என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டும் தோள்கவசமுமாக ஏறியதும் லிஃப்டில் இருந்த மலையாளி அம்மாக்கள் இறங்கிவிட்டார்கள்' என்று ஒரு வரி வந்தது. உங்கள் கணவர் என்ன சர்க்கஸிலா இருந்தார் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. ஏசி மெக்கானிக். ஆனால் ஒரே ஒரு குளிர்காலம், காசு வாங்கிக்கொண்டு அமெரிக்க ஃபுட்பால் ஆடினார். காசு வாங்கி ஆடினால் ப்ரொஃபெஷனல் என்று பெயராம். அதை அவர் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் ஒருமுறை சொல்லிவிடுவார்.

மொட்டைமாடிக்கு வந்த பந்து

நவம்பர் மாதம் என்று நினைக்கிறேன். குவைத்தில் வெயில் கொஞ்சம் மனிதர்களோடு பேச ஆரம்பிக்கும் காலம். ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் என் கணவர் சேவியருக்கு ஏசி சர்வீஸ் டியூட்டி. மதியம் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் கட்டிக்கொடுத்த சோற்றையும் சாளை மீன் குழம்பையும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்போது 'தொப்' என்று ஒரு பந்து வந்து பக்கத்தில் விழுந்தது.

பந்தா அது? உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு முனையும் கூராக இருந்தது. கீழே மைதானத்தில் மலைபோல் சில ஆட்கள் நின்று, "யல்லா! யல்லா!" என்று கையை ஆட்டினார்கள்.

இவர் கையைக் கழுவிவிட்டு வந்து, பந்தைக் கையிலிருந்து விட்டு, வெறுங்காலால் ஓர் உதை விட்டார். பந்து கேட்டவர்களைத் தாண்டி, மைதானத்தையும் தாண்டி, அந்தக் கடைசியில் நின்ற ஸ்கூல் பஸ்ஸின் கூரையில் போய் விழுந்தது. இவர் திரும்பி வந்து மிச்சச் சோற்றில் கை வைக்கும் நேரத்தில் ஒரு அமெரிக்கர் மூச்சிரைக்க ஏணி ஏறி வந்துவிட்டார். அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். மாலையில் அந்த அணியின் கோச்.

"எங்கே ஆடினாய்?" என்று கேட்டிருக்கிறார்.

"சீ, சார்" என்றாராம் இவர். கடல்.

பொய்யில்லை. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர் அவருடையது. நடக்கத் தெரிந்தவுடன் பந்து உதைக்கிற ஊர். கால் புதைகிற மணலில், தண்ணீர் குடித்துக் கனத்துப்போன பந்தை வெறுங்காலால் உதைத்து வளர்ந்தவருக்குப் புல்தரையும் காய்ந்த பந்தும் ஒரு பொருட்டே இல்லை.

அந்தக் குளிர்காலம்தான் அங்கே புதிதாக ஒரு லீக் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து நாடுகளிலிருந்தும் அணிகள் வந்தன. நாலைந்து கம்பெனி வைத்திருந்த ஒரு குவைத்தி எங்கள் அணியின் முதலாளி. ஆட்டக்காரர்களில் அமெரிக்கர்கள், லெபனான்காரர்கள், எகிப்துக்காரர்கள் எல்லோரும் உண்டு. உதைக்கத் தெரிந்த ஆள் மட்டும் இல்லை.

பெயர்தான் ஃபுட்பாலே தவிர, அந்த ஆட்டத்தில் காலுக்கு வேலையே கிடையாது. ஒருவன் பந்தைக் கக்கத்தில் பொத்திக்கொண்டு ஓடுவான். மற்றவர்கள் கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஓடுவதுபோல் ஓடிவந்து அவன்மேல் விழுவார்கள். விசில் அடிக்கும். எழுந்திருப்பார்கள். மறுபடியும் விழுவார்கள். எப்போதாவது ஒருமுறை, அந்தக் கோடியில் இருக்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கென்று தனியாக ஓர் ஆள். அந்த ஆள்தான் சேவியர்.

ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் போய் ஓர் உதை. திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். மற்ற ஆட்டக்காரர்களின் மனைவிமார் சட்டைக் கறையைப் பற்றிப் புலம்புவார்கள். என் வீட்டு வாஷிங் மெஷினுக்குக் கூடுதலாக ஒரு சுற்று வேலைகூட வரவில்லை.

கோச் அவருக்கு விதிகள் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. வெறுங்காலோடு உதைக்கலாமா என்று கேட்டபோது, அந்தக் காலத்தில் அவர்கள் ஊரிலும் அப்படி உதைத்தவர்கள் உண்டு என்று சம்மதித்துவிட்டார். ஒன்றே ஒன்றைத்தான் தினமும் சொன்னார். பந்தைப் பார். கம்பத்தைப் பார். ஆட்களைப் பார்க்காதே. உன் முன்னால் மலையே சரிந்து வந்தாலும் ஆளைப் பார்க்காதே.

"அவ்வளவுதானா சார்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"அவ்வளவுதான். அதுதான் கஷ்டம்" என்றாராம் கோச்.

வியர்வை நின்றால்

இந்த ஆட்டத்தின்மேல் எனக்கு ஏன் அவ்வளவு ஆசை வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுப் பித்து எதுவும் எனக்கு இல்லை. அவரை மொட்டைமாடியிலிருந்து இறக்க வேண்டும். அது ஒன்றுதான் என் எண்ணம்.

நான் கேஷுவாலிட்டியில் நர்ஸ். கோடை வந்தால் எங்களுக்குக் கட்டில் போதாது. சைட்டிலிருந்தும் மாடியிலிருந்தும் ஆட்களைத் தூக்கி வருவார்கள். வியர்த்துக் கொட்டுகிறவனைப் பற்றி நாங்கள் அதிகம் பயப்பட மாட்டோம். கழுத்தில் கை வைத்துப் பார்க்கும்போது அனலாக, ஈரமே இல்லாமல், சுட்ட அப்பளம் மாதிரி இருந்தால்தான் ஓடுவோம். கோடையில் மதிய நேரத்தில் வெளியே வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. காலை பத்து மணி வெயிலுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அதற்கு முந்தைய ஆகஸ்டில் சேவியரோடு வேலை பார்க்கும் ரஹீம் பாய் மாடியில் சுருண்டு விழுந்துவிட்டார். பங்களாதேஷ்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். இவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு, கீழிருந்து ஆள் வரும்வரை தன் நிழல் ரஹீம் பாயின் முகத்தில் விழும்படி வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ரஹீம் பாய் மறுநாளே டியூட்டிக்குப் போய்விட்டார். இவர்தான் இரண்டு நாள் வாந்தியெடுத்துக் கிடந்தார்.

"ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்லா? அங்கனயே எதுக்கு நின்னிய?" என்று கேட்டேன்.

"அவரு கண்ணைத் தொறந்து பாக்கும்போ யாரும் இல்லாம இருந்தா எப்படி இருக்கும் பிள்ள?" என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கோடையில் யாரையாவது ஸ்ட்ரெச்சரில் உருட்டி வந்தால் முதலில் காலைப் பார்ப்பேன். அவர் காலை எனக்குத் தெரியும் அல்லவா? அது அவர் கால் இல்லை என்று தெரிந்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி கோச் மூலமாகச் சொல்லி அனுப்பினார். கோப்பை ஜெயித்தால் அணியை அடுத்த வருடமும் நடத்துவார். சேவியருக்குத் தன் கம்பெனிக்கு விசா மாற்றிக்கொடுப்பார். பகலில் அவருடைய உள்விளையாட்டு அரங்கில் மேற்பார்வை வேலை, முழுக்க ஏசிக்குள். சீசனில் உதைக்க வேண்டியது, அவ்வளவுதான். இவருக்கு அப்போது விசா கொடுத்திருந்த கஃபீல்கூட ரிலீஸ் கொடுக்கத் தலையாட்டிவிட்டார்.

ஏசியை ரிப்பேர் செய்கிறவர் ஏசிக்குள் உட்காரப் போகிறார்! நான் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

நனைந்த கால்சட்டை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த நாளுக்கு.

என் ஊர் கடற்கரை இல்லை, நாகர்கோவில் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வந்து உட்கார்ந்து காப்பியும் குடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையைக் காணோம். வெகுநேரம் கழித்து வந்தார், கால்சட்டை தொடைவரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. என் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை தண்ணியில் வந்திருக்கிறார் என்று என் சித்தப்பா முணுமுணுத்தார். தண்ணீரில்தான் வந்திருந்தார்.

தனியாகப் பேச விட்டபோது நான் கேட்ட முதல் கேள்வியே, "ஏன் நனைஞ்சிருக்கு?" என்பதுதான்.

"பந்து கடல்ல கெடந்து. எங்க ஆளுக்காவ அடிச்சது. நாங்கதான எடுத்துக் குடுக்கணும்?"

பிறகுதான் விளங்கியது. அவர்கள் ஊர்க் கடற்கரையில் ஆடும்போது எவனாவது அடிபட்டு விழுந்தால், எந்தக் கட்சி ஆளாக இருந்தாலும், பந்து யார் காலில் இருக்கிறதோ அவர் அதைக் கடலுக்கு அடித்துவிட வேண்டும். ஆட்டம் நின்றுவிடும். விழுந்தவனைத் தூக்கிப் பார்ப்பார்கள். அது பாதி வழக்கம். மீதிப் பாதி, விழுந்தவனின் கட்சி கடலில் இறங்கி, நனைந்து, பந்தை எடுத்துவந்து உதைத்தவன் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் ஆட்டம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. கொடுக்காதவனோடு அந்தக் கரையில் யாரும் ஆட மாட்டார்கள்.

நல்ல பழக்கம்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசி உதை

இறுதி ஆட்டம் பிப்ரவரியில், எங்கள் மைதானத்திலேயே. பஹ்ரைனிலிருந்து வந்த அணியோடு. டியூட்டியை மாற்றிக்கொண்டு ஷெரினோடு போயிருந்தேன். குளிர்காற்று. பர்கர் வாசனையும் ஷீஷா வாசனையும் கலந்து வந்தன. ஸ்வெட்டர் பையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

முடியப் போகிற நேரத்தில் எங்கள் அணி இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் மூன்று பாயிண்ட். கடிகாரத்தில் நேரமே இல்லை. கோச் சேவியரைப் பார்த்தார். இவர் எழுந்தார், வலது கால் ஷூவைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் வைத்தார், உள்ளே ஓடினார்.

அதைவிடத் தூரத்திலிருந்து அவர் தூக்கத்தில்கூட உதைப்பார். எனக்குத் தெரியும், கோச்சுக்குத் தெரியும். முதலாளி முன்கூட்டியே எழுந்து நின்றுவிட்டார்.

பந்து பின்னால் வந்தது. கொஞ்சம் உயரமாக வந்துவிட்டது. பிடித்தவர் தடுமாறி, மண்டியிட்டு, பந்தைத் தரையில் நிறுத்த ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்த நொடியில் எதிரணியின் ஒரு நெட்டையன் குறுக்கே பாய்ந்தான். எங்கள் ஆள் ஒருவரின் முதுகில் இடறி, தலைகீழாகப் போய் விழுந்தான். விழுந்தவன் அசையவில்லை.

சேவியர் ஆளைப் பார்த்துவிட்டார்.

அவர் கால் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. கடைசி நேரத்தில் பாதம் மட்டும் திரும்பியது. பந்து கம்பத்தை விட்டு விலகி, பக்கவாட்டில், எல்லைக் கோட்டைத் தாண்டி, அழகாக, யாருக்கும் அடிபடாமல் போய் விழுந்தது. அவர் ஊர்க் கடல் அங்கே இருந்திருந்தால் அலைக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கும்.

விசில் அடித்தது. ஆட்டம் முடிந்தது.

அந்த நெட்டையன் மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான், வேறொன்றும் இல்லை. உடனே எழுந்துவிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்ததும் குதித்தான். அவனுடைய ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இவர் கையை நீட்டினார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. கோச்தான் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. சேவியரின் முகத்தை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார். இவர் சொன்ன பதிலை இவரே பிறகு எனக்குச் சொன்னார்.

"மேன் டவுன், சார். பால் அவுட்சைட். நவ் தே கிவ்."

கோச் இவர் நீட்டியிருந்த கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, "அவர்கள் தர மாட்டார்கள், சேவியர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இந்த ஆட்டத்தில் எவன் விழுந்தாலும் சில நொடிகளில் தானாகவே விசில் அடித்துவிடும், யாரும் பந்தை வெளியே அனுப்ப வேண்டியதே இல்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். ஒரு சீசன் முழுக்கச் சொல்லத் தோன்றாத விதி.

வீட்டுக்குள்

டாக்ஸியில் ஏறினோம். "டாடி, யூ ஹேட் ஒன் ஜாப்" என்றாள் ஷெரின். "சும்மா இரி" என்றேன் நான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் நான் சும்மா இருக்கவில்லை.

"அவன் நம்ம ஆளா? உங்க கூடப் பொறந்தவனா? கால் அடி தள்ளி அடிச்சாலும் உள்ள போயிருக்குமே! ஏன் அப்படிச் செஞ்சிய?"

"நான் செய்யல பிள்ள. காலு செஞ்சிட்டு."

"அப்ப அந்தக் காலே மாடிப்படி ஏறட்டும்!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சமையலறைக்குப் போய் இரண்டு பேருக்கும் கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. எனக்கு இருந்தது கோபமே இல்லை, பயம். ஜூன் மாதம் கண்ணுக்கு முன்னால் நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவர் எதிரில் உட்கார்ந்து சாயா ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தருவான்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். அதை அவர் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. தோற்றதில் அவருக்கு வருத்தம் இல்லை. தராமல் போனதில்தான் வருத்தம்.

முதலாளி அணியைக் கலைத்துவிட்டார். லீக்கும் அடுத்த வருடம் நடக்கவில்லை. விசா மாற்றம் மாஃபி. இல்லை என்பதற்குக் குவைத்தில் எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தை போதும். ஹெல்மெட்டை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. அதை ஷெரின் கொஞ்ச நாள் வெங்காயம் போட்டு வைக்க எடுத்துக்கொடுத்தாள்.

ஜூலை

கோடை வந்தது. அவர் மாடி ஏறினார். நான் கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் காலை, வெயில் ஏறிய நேரம். கேஷுவாலிட்டி வாசலில் கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. கதவைத் திறந்தார்கள். வலது கால் வெறுங்கால்.

முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஓடிப்போய்க் கழுத்தில் கை வைத்தேன். ஈரம். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டக் கட்டியிருந்தது. அதற்கு அடியில் உடம்பு சுட்டது. ஆனால் நான் பயந்த அந்தச் சூடு இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர் ரஹீம் பாய்.

என்ன நடந்தது என்று அவர் இந்தியில் சொன்னார். எப்போதும் பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார். சேவியர் தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறார். ஏசிக்கு கேஸ் நிரப்பிக்கொண்டிருந்த பாதி வேலை. கீழிருந்து ஃபோர்மேன் போனில், முதலில் நிரப்பி முடியுங்கள், பிறகு இறங்கலாம் என்று கத்தியிருக்கிறார்.

"ஃபோர்மேன் போலா, பெஹ்லே காம். ஹம் போலா, கலாஸ்" என்றார் ரஹீம் பாய். வேலை முதலில் என்றார் அவர், முடிந்தது போ என்றேன் நான், என்று அர்த்தம். வால்வை மூடிவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் இவர்மேல் ஊற்றி, முதுகில் சுமந்துகொண்டு, மாடிக்கு லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் படி படியாக இறங்கியிருக்கிறார். வழியில் கழன்று விழுந்த வலது கால் ஷூவை எடுக்கக்கூட நிற்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகத் திரும்பிய டிரைவரை, பாபி, அதாவது நான், இருக்கும் இடத்துக்கே போ என்று மிரட்டியிருக்கிறார்.

சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அதே வாக்கியத்தை நான் எத்தனையோ பேரின் மனைவிக்கு போனில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் கனம் தெரிந்தது. டிரிப் ஏற்றினோம். ஐஸ் பைகளை வைத்தோம். ஊசியை மட்டும் இன்னொரு நர்ஸ் கையில் கொடுத்துவிட்டேன்.

சேவியர் கண்ணைத் திறந்தபோது நான் கால்மாட்டில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். இவர்மேல் ஊற்றிய தண்ணீரும் சுமந்த வியர்வையுமாக ரஹீம் பாய் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பேன்ட் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, டைல்ஸில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

இவர் படுத்தபடியே வலது கையை மெல்ல நீட்டினார். ரஹீம் பாய் வந்து பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா ஜெசிந்தா?" என்றார் என் கணவர், தொண்டை வறண்ட குரலில். "பந்து வந்துட்டு."

"பேசாம கெடங்க" என்று அதட்டிவிட்டு, ரஹீம் பாய்க்குத் தலை துவட்ட ஒரு துண்டு எடுத்துவரப் போனேன்.